நிறமே பார்த்ததில்லை என்று சொன்னேன்

ஜோயல்,

நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. எடுக்காததும் நல்லதுக்குத்தான். எடுத்திருந்தால் நீ ஒரு வார்த்தை சொல்வதற்குள் நான் பத்து வார்த்தை சொல்லியிருப்பேன். முப்பத்திரண்டு வருஷம் குன்னூரில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள். ஞாயிற்றுக்கிழமையானால் சர்ச்சில் சண்டே ஸ்கூல் டீச்சர். எதிரில் இருப்பவர் வாயைத் திறப்பதற்குள் பதிலை எடுத்து நீட்டுகிற வியாதி எனக்கு உண்டு, அது உனக்குத் தெரியாததில்லை. மே மாதம் ஊட்டியில் அத்தனை பேர் முன்னால் உன் பேச்சை நிறுத்தியதும் அந்த வியாதிதான். அதனால் எழுதுகிறேன். கடிதம் என்றால் நீ பாதியில் வைத்துவிட்டுப் போகலாம், கோபம் வந்தால் கிழிக்கலாம், நான் குறுக்கே பேச முடியாது. அந்த வசதியை இதற்கு முன் நான் உனக்குக் கொடுத்ததில்லை.

போன வாரம் நீ அனுப்பிய செய்தி ஒரே வரி. "நவம்பர்ல பெங்களூர்ல பேசறேன்மா. நீங்க வர வேண்டாம்." முதலில் எனக்கு வந்தது கோபம்தான், உள்ளதைச் சொல்கிறேன். பெற்ற வயிறு என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. ஆனாலும் வயிறு எரிந்தது. மே மாதத்திலிருந்து வீட்டுப் பக்கம் வரவில்லை, அப்பாவின் நினைவு நாளுக்கும் வரவில்லை, இப்போது நான் அங்கே வரவும் கூடாதா என்று சுவரைப் பார்த்துச் சத்தம் போட்டேன். யாரிடமெல்லாம் உன்னைப் பற்றிப் புகார் சொல்லலாம் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். யாரிடம் சொன்னாலும் அவர்கள் என் பக்கம்தான் நிற்பார்கள் என்று தெரிந்தது. அது தெரிந்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. ஊட்டியிலும் எல்லோரும் என் பக்கம்தான் நின்றார்கள்.

தத்தெடுத்த குடும்பங்களின் அந்த வருடாந்திரக் கூட்டத்துக்கு நீ நாலு வயதுப் பிள்ளையாக இருந்ததிலிருந்து போய்க்கொண்டிருக்கிறோம். வருஷா வருஷம் அதே தக்காளி சாதம், அதே சாக்கு ஓட்டம், பெற்றோர்கள் மேடையேறிக் கண் கலங்குவது. பிள்ளைகள் பேசியதே இல்லை. இந்த வருஷம்தான் முதல் தடவையாக, வளர்ந்த பிள்ளைகளே பேசட்டும் என்றார்கள். நீ உன் சிநேகிதி ரூத்தோடு பெங்களூரிலிருந்து வந்தாய். அவளும் உன்னைப் போலத்தான், ஆப்பிரிக்க அப்பனுக்குப் பிறந்து மைசூரில் ஒரு வீட்டில் வளர்ந்தவள். உன் முடியைச் சின்னச் சின்னத் திரியாக முறுக்கித் தோள் வரை விட்டிருந்தாய். குன்னூரிலிருந்து காரில் போகும்போதே நான் ஆரம்பித்துவிட்டேன். "மேடைக்குப் போறவன் முடியையாவது வெட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?" நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். ரூத் தன் முடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவளுடைய முடியும் அப்படித்தான் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நீ மேடையில் நின்று பேசியது எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. "என் பேரு ஜோயல். நமக்குக் குன்னூருங்க. நான் கறுப்பன். நம்மூர்ல மாநிறத்துக்குக் கீழ இருக்கறவங்களச் சொல்ற கறுப்பு இல்லீங்க, ஆப்பிரிக்கக் கறுப்பு. எங்க ஊட்டுல எல்லாத்தையும் பேசுவாங்க. இந்த ஒரு வார்த்தைய மட்டும் யாரும் சொன்னதில்லீங்க." அவ்வளவுதான், நான் எழுந்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை, யாரும் கேட்கவில்லை. "எங்களுக்கு அவன் நிறமே தெரிஞ்சதில்லீங்க. நாங்க நிறமே பார்த்ததில்லீங்க. மகனத்தான் பார்த்தோம்" என்றேன். கூட்டம் கை தட்டியது. ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நீ மைக்கை மேசைமேல் வைத்துவிட்டுக் கீழே இறங்கினாய். ரூத் போய் அதை எடுத்து, "அவர் இன்னும் பேசி முடிக்கலைங்க" என்றாள். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சாப்பாடு தயார் என்று யாரோ சொன்னார்கள், எல்லோருக்கும் மூச்சு வந்தது. நானும் போய்ச் சாப்பிட்டேன். தக்காளி சாதம் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

நான் சொன்னது பொய். தெரிந்தே சொன்ன பொய் என்றால்கூட அதற்கு ஒரு மரியாதை உண்டு. நான் அதை உண்மை என்று நம்பிக்கொண்டே சொன்னேன். நம் வீட்டில் உன் நிறத்தைப் பார்த்ததைப் போல வேறு எதையும் பார்த்ததில்லை. நீ வந்த முதல் வாரமே உன் பெரியத்தை கடலைமாவும் பாலாடையும் கொண்டுவந்து, "தெனமும் தேச்சுக் குளிப்பாட்டு, போகப் போக வெளுத்துரும்" என்றாள். நான் தேய்த்தேன். ஏழு வயதுவரை தேய்த்தேன். மேகமும் பனியுமாக, வெயிலுக்கு ஏங்கிக் கிடக்கிற ஊரில் உன்னை வெயிலில் விளையாடவிடாமல் வளர்த்தவள் நான். உன் முடி கொஞ்சம் சுருண்டு எழும்புவதற்குள் சலூனுக்குக் கூட்டிப்போய், "ஒட்ட வெட்டிருங்க" என்பேன். உனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று சர்ச்சில் ஒரு அம்மாள் உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு, "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானுங்களே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவளுக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தேன். உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "அந்தப் பழமொழியில காக்கா யாரு, நீயா நானா?" என்று கேட்டார். உங்களுக்கு எல்லாமே பெரிசுதான் என்று அவர் வாயை அடைத்தேன்.

கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு வருகிறேன். இதை எழுதத்தான் கை கூசுகிறது, ஏனென்றால் இதை நான் பெருமையாகச் செய்தேன். மூன்று ராஜாக்களில் ஒருவர் கறுப்பு ராஜா என்பது எங்கள் சண்டே ஸ்கூல் வழக்கம். நீ வருவதற்கு முன் ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு பையன் முகத்தில் கரியைக் குழைத்துப் பூச வேண்டும். அவன் அம்மா வந்து சண்டை போடுவாள். நீ ஐந்து வயதில் நடிக்க வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. "எம் மகனுக்கு வேஷமே வேண்டாங்க, அப்படியே நிக்கலாம்" என்று எல்லோரிடமும் சொன்னேன். ஒன்பது வருஷம் நீ அதே ராஜாவாக நின்றாய். உயரமாக உயரமாக அங்கியை மட்டும் கீழே மடிப்புப் பிரித்துத் தைத்தேன். உனக்கு எட்டு வயது இருக்கும்போது ஒத்திகைக்கு முன்னால் என்னிடம் வந்து, "அம்மா, இந்தத் தடவ நான் தேவதூதனா வரட்டுமா? வசனமெல்லாம் மனப்பாடம்" என்று கேட்டாய். நான் தலை நிமிராமலேயே, "தேவதூதனுக்கு வெள்ளை அங்கிடா கண்ணு, உனக்கு எடுக்காது" என்றேன். அந்த வேஷத்தை ஒரு எஸ்டேட் ஆபீசரின் பையனுக்குக் கொடுத்தேன். சிவப்பாக இருப்பான், வேறு தகுதி எதுவும் கிடையாது. மேடையில் அவன் வசனத்தை மறந்து விழித்தான். காணிக்கைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரத்தில் நின்ற நீதான் ஒவ்வொரு வரியாக அவனுக்கு எடுத்துக் கொடுத்தாய். சபையே சிரித்தது. அதை நான் எத்தனை விருந்தாளிகளிடம் வேடிக்கைக் கதையாகச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நீ அங்கேதான் இருந்தாய், டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாய்.

அம்மா என்றால் பிள்ளைக்கு நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். நான் உனக்குச் சொன்ன புத்தி ஒன்றே ஒன்றுதான், அதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்: யாராவது உன்னை வெளிநாட்டுக்காரன் என்று நினைத்தால் தமிழில் பேசிக் காட்டு, விட்டுவிடுவார்கள். பூங்காவில் டூரிஸ்டுகள் உன்னோடு நின்று போட்டோ எடுக்க வரிசையில் வந்தபோது, "சிரிச்சு நில்லு, ரெண்டு வார்த்தை தமிழ்ல சொல்லு" என்று உன் முதுகைத் தள்ளிவிட்டவள் நான். நீ பத்தொன்பது வயதில் சிநேகிதன் கல்யாணத்துக்குக் கூடலூர் போனாய். லாட்ஜில் மற்ற பையன்கள் எல்லோருக்கும் ரூம் கொடுத்துவிட்டு உன்னிடம் மட்டும் பாஸ்போர்ட் கேட்டார்கள். ஆதார் அட்டையைக் காட்டினாய், அது யாருடையது என்று கேட்டார்கள். அங்கிருந்து என்னைக் கூப்பிட்டாய். நான் சொன்னேன், "தமிழ்ல பேசிக் காட்டு. வேணும்னா சண்டே ஸ்கூல் பாட்டு ஒண்ணு பாடிக் காட்டு." "நான் என்னம்மா கிளியா?" என்றாய். வேலை ஆக வேண்டும் என்றால் கிளியாக இருப்பதில் என்ன குறைந்துவிட்டது என்று நான் கேட்டேன். நீ பேசிக் காட்டினாய். "ஐயோ, நல்ல தமிழாணல்லோ!" என்று லாட்ஜ்காரர் மலையாளம் கலந்து சொல்லிச் சிரித்து, இன்னொரு தடவை பேசச் சொல்லி வீடியோ எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார். நான் அதையும் கதையாகச் சொன்னேன். அந்தக் கல்யாணத்திலிருந்து திரும்பி வந்து இரண்டு நாள் நீ யாரோடும் எந்த மொழியிலும் பேசவில்லை. பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் புத்தியை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீ இந்த மண்ணில் வளர்ந்தவன் என்று எவனுக்கும் பரீட்சை எழுதிக் காட்ட வேண்டாம். அடுத்த தடவை கேட்டால் பேசாமல் நில். அவர்கள் காத்திருக்கட்டும்.

அப்பா போன அன்று நடந்ததைப் பற்றி நாம் பேசியதே இல்லை. அடக்க ஆராதனைக்கு முன்னால் உன் பெரியத்தை மகன் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்து வாசலில் கட்டினான். மேலே அப்பா படம், கீழே வட்ட வட்டமாக நம் குடும்பத்தார் முகங்கள். உன் முகத்தை அவன் வெளுத்திருந்தான். நிறைய பால் ஊற்றின டீ மாதிரி ஒரு நிறம். எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கிற டீ மேக்கராக இருந்த உன் அப்பா அந்த மாதிரி டீயைத் தொடக்கூட மாட்டார். மூக்கைக்கூட ஏதோ செய்திருந்தான். நீ அந்த ஃபிளெக்ஸுக்குக் கீழே நின்று காலையிலிருந்து வருகிறவர்களையெல்லாம் கை கூப்பி வரவேற்றாய். வருகிறவர்கள் மேலே இருக்கும் முகத்தையும் கீழே நிற்கும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். மத்தியானம் நீ என் பக்கத்தில் குனிந்து, "அம்மா, எம் பேருக்கு மேல இருக்கறது யாரும்மா?" என்று கேட்டாய். எனக்குத் தெரியாமல் இல்லை. வாசலில் கட்டும்போதே பார்த்தேன். இவ்வளவு பேர் வருகிற இடத்தில் இதுவும் ஒரு வகையில் நல்லதுதான் என்று என் மனசின் ஒரு மூலை நினைத்தது. "இப்ப அதுக்கா நேரம்?" என்று உன்னை அடக்கினேன். நீ போய்ப் பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் வாங்கிக்கொண்டாய்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், உன் ஒரு வரிச் செய்தி வந்த இரண்டாம் நாள் நான் ரூத்தைக் கூப்பிட்டேன். உன்னைப் பற்றிப் புகார் சொல்லத்தான் கூப்பிட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "ஆன்ட்டி, ஜோயல் அன்னைக்கு என்ன பேச வந்தான்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. ஒரு வீடியோ அனுப்பினாள். நாங்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ ஹாலுக்கு வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் நின்று, மிச்சப் பேச்சைப் பேசி முடித்திருக்கிறாய். உன்னைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர், உன்னைப் போன்றவர்கள் நாலைந்து பேர். நீங்கள் மாதத்துக்கு ஒரு தடவை யாராவது ஒருவர் வீட்டில் கூடி, ஒருவர் முடியை ஒருவர் சீவிவிட்டு, சமைத்துச் சாப்பிட்டுப் பேசுவீர்கள் என்று அதில்தான் தெரிந்துகொண்டேன். "கண்ணாடியில பார்த்தா எம் முகம் மாதிரி ஊட்டுல வேற முகமே இல்லீங்க. இருபத்தஞ்சு வயசுல ரூத்தைப் பார்த்தேன், அன்னைக்கு நான் அழுதேன்" என்கிறாய். ரூத் உன் தலையில் ஒரு தட்டு தட்டி, "பொய்யி, நீ சிரிச்சே" என்கிறாள். நீ வாய்விட்டுச் சிரிக்கிறாய். ஜோயல், அந்தச் சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை. நம் வீட்டில் நீ வாயை மூடிக்கொண்டு சிரிப்பவன். இருபத்தேழு வருஷம் என் சோற்றைச் சாப்பிட்டவன் எப்படிச் சிரிப்பான் என்பதை ஒரு போனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அந்த வீடியோவில் நீ கடைசியாகச் சொன்னதை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். "எங்க அம்மா அப்பா நல்லவங்க. எங் கறுப்ப மன்னிச்சு ஏத்துக்கிட்டாங்க. ஆனா மன்னிக்கறதுக்கு அது என்னங்க தப்பா? அது எங்கிட்ட இருக்கற குறை இல்லீங்க. எனக்கு முன்னாடி வாழ்ந்தவங்க எனக்குக் குடுத்தது. அவங்க பேரு எனக்குத் தெரியாது. அவங்க குடுத்ததுல எங்கிட்ட மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான்." இதைத்தான் நான் எழுந்து நின்று தடுத்திருக்கிறேன். எனக்குக் கிடைக்கிற கைதட்டலுக்காக இதை அந்த ஹாலில் யாரும் கேட்காமல் செய்திருக்கிறேன். பிள்ளை வாங்கிய பரிசை அவன் பேர் கூப்பிடும் முன்னே போய்த் தானே வாங்கிக்கொண்ட அம்மா மாதிரி.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்கு முன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நானே கறுப்புதான், பார்த்துக்கொண்டுதானே இருந்தாய். என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் என் தங்கையைக் கேட்டுவிட்டுப் போனார்கள். கறுப்பே அழகு, காந்தலே ருசி என்று உறவுக்காரர்கள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அடிப்பிடித்த காந்தலைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. மூன்றாவதாக வந்த உன் அப்பா என்னைப் பார்த்து என்ன படித்தாய் என்று கேட்டார், நிறத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்த வலி தெரிந்தவள் அதை இன்னொருவருக்குக் கொடுக்கமாட்டாள் என்றுதான் நீ நினைப்பாய். தலைகீழ், ஜோயல். நான் பட்டதை நன்றாகக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

வருஷா வருஷம் உன் பிறந்தநாள் மாதத்தில் சர்ச்சில் நான் எழுந்து, ஆண்டவர் செய்த நன்மை என்று சாட்சி சொல்வேனே, அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். "மூணு குடும்பம் இந்தக் குழந்தைய வேண்டாம்னு சொல்லிட்டுப் போச்சுங்க. ஆண்டவர் எங்களுக்குன்னு எடுத்து வெச்சிருந்தார்." இதைச் சொன்னதும் சபையில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும். நீ முதல் வரிசையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்பாய். ஆறு வயதில் வீட்டுக்கு வரும் வழியில் என் கையைப் பிடித்து, "அந்த மூணு பேரும் கெட்டவங்களாம்மா?" என்று கேட்டாய். "பாவம் கண்ணு, அவங்களுக்குக் குடுத்துவெக்கல" என்றேன். உன் அப்பா முன்னால் நடந்துகொண்டிருந்தார். அவர் நடை ஒரு கணம் நின்று, பிறகு வேகமானது.

அந்த மூன்று குடும்பத்தில் மூன்றாவது நாங்கள்தான்.

மனு கொடுத்தபோது குழந்தை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். மாநிறம் போதும் என்று எழுதினேன், பெரிய மனசு என்று என்னை நானே மெச்சிக்கொண்டு. சமவெளியில் இருந்த ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து சிஸ்டர் கூப்பிட்டார்கள், போனோம். உனக்குப் பத்து மாதம். பாயில் உட்கார்ந்து ஒரு அலுமினியத் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்து இரண்டு பல்லைக் காட்டினாய். நான் உன் முடியைப் பார்த்தேன், உன் உதட்டைப் பார்த்தேன். படிக்க வந்த ஆப்பிரிக்கப் பையனுக்குப் பிறந்த குழந்தை என்று சிஸ்டர் மறைக்காமல் சொன்னார்கள். "எங்களுக்கு இது சரி வராதுங்க சிஸ்டர். எங்க ஊர்ல கேப்பாங்க" என்றேன். உன் அப்பா வாயைத் திறந்தார், நான் அவர் கையை அழுத்தினேன். சிஸ்டர், "நீங்களும் வேண்டாங்கறீங்களா? உங்களோட மூணு ஆச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். திரும்பும்போது பர்லியாரில் பஸ் டீக்கு நின்றது. எல்லோரும் இறங்கினார்கள், உன் அப்பா இறங்கவில்லை. குன்னூர் வரும்வரை என்னோடு பேசவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாப்பிட உட்காரும்போது, "அந்தப் பையன் என்ன ஆனானோ" என்பார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார். நாலு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் ஃபேக்டரியில் லீவு போட்டுவிட்டு வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் போயிக் கூட்டிட்டு வரப்போறேன். நீ வந்தா வா" என்றார்.

நான் போனேன். உன்மேல் பிரியம் வந்து போகவில்லை. அவர் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார் என்ற பயத்தில் போனேன், இனி வேறு குழந்தை கிடைக்காது என்ற பயத்தில் போனேன். நீ அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தாய். நேராக நடந்து வந்து அவர் காலைத்தான் பிடித்தாய். பிரியம் பிறகு வந்தது. எந்த நாளில் வந்தது என்று தெரியாது, ஆனால் வந்தது, அதை மட்டும் நீ சந்தேகப்படாதே. வந்த பிறகு, அது முதல் நாளிலிருந்தே இருந்ததாக ஊருக்குச் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். அதனால்தான் நீ மேடையில் அந்த வார்த்தையைச் சொன்னதும் நான் எழுந்துவிட்டேன். நீ மறுபடி அந்த இல்லத்து வாசலில் என்னை நிறுத்திவிட்டதாகத் தோன்றியது. உனக்கு ஒன்றும் தெரியாது என்பதுகூட அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

நேற்று ஊட்டியிலிருந்து, அந்த வருடாந்திரக் கூட்டத்தை நடத்துகிற சங்கத்து அம்மா கூப்பிட்டார்கள். கிறிஸ்துமஸ் கூட்டத்தில் என் சாட்சியை ஒரு தடவை சொல்ல வேண்டுமாம். முடியாது என்றேன். "ஏனுங்கம்மா, உடம்புக்கு முடியலீங்களா?" என்றார்கள். "உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. அந்தச் சாட்சி பொய்யுங்க. மூணாவதா வேண்டாம்னு சொன்னதே நாந்தானுங்க" என்றேன். "அதெல்லாம் இப்ப எதுக்குங்கம்மா? பழச வெச்சுக்கிட்டு... கேக்கறவங்க மனசு கஷ்டப்படுமில்லீங்களா" என்றார்கள். கேட்கிறவர்கள் மனசு கஷ்டப்படாமல்தான் இத்தனை வருஷம் பேசினேன், இனிமேல் என் மகன் பேசட்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஊர் முழுக்க இந்நேரம் தெரிந்திருக்கும். தெரியட்டும்.

நவம்பரில் நான் வரமாட்டேன். நீ சொன்னதற்காக மட்டும் அல்ல. நான் அங்கே இருந்தால் ஜனங்கள் உன்னைப் பார்க்காமல் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள், அம்மா அழுகிறாளா என்று. உன்னிடம் மன்னிப்பும் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய். அப்படித்தான் உன்னை வளர்த்திருக்கிறேன். நீ வேண்டுமானால் வருஷக் கணக்கில் கோபமாக இரு, கிறிஸ்துமஸுக்கு வராதே, அந்தக் கோபத்தை நான் தாங்கிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தில் இருப்பது உன் கதை, நான் இருபத்தேழு வருஷம் என் கதையாக வைத்திருந்தேன். மேடையில் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல். பேரை மாற்றாமல், மழுப்பாமல் சொல். வளர்த்தவளைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று யாராவது எழுந்து நின்றால், பேச்சை நிறுத்தாதே. அவர்களை உட்காரச் சொல்.

உன்னை வேண்டாம் என்று சொன்ன மூன்றாவது குடும்பத்திலிருந்து,
உன் அம்மா